லினக்ஸில் கிராஃபிக்ஸ் டிரைவர் தகராறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

டிரைவர் போட்டு ரீபூட் செய்ததும் ஸ்கிரீன் கறுத்து நின்றால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். கெர்னலுக்குள் (லினக்ஸின் மையக்கரு) ஏறும் மாட்யூல், கார்டுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர், படம் வரைய உதவும் ஓபன்ஜிஎல், வல்கன் ஆகியவற்றைத் தரும் லைப்ரரிகள், இவற்றின் மேல் ஓடி விண்டோக்களைத் திரையில் காட்டும் எக்ஸ் அல்லது வேலேண்ட் என்று நாலு அடுக்கு சேர்ந்ததுதான் கிராஃபிக்ஸ் டிரைவர். எந்த அடுக்கில் அறுந்திருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அறிகுறியே காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பார்க்காமல் மறுபடி இன்ஸ்டால் செய்தால் பழைய கோளாறு அப்படியே கிடக்க, புதிதாக இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் கீழே தமிழ் எழுத்தில் ஒலிப்பாகத் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைப் பாருங்கள்

"எல்எஸ்பிசிஐ -என்என்கே" என்று கொடுங்கள். நீளமாக ஓடும் பட்டியலில் "விஜிஏ கம்பேட்டிபிள் கண்ட்ரோலர்" என்று தொடங்கும் பகுதியைத் தேடுங்கள். இரட்டை கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் இரண்டாவது கார்டு "3டி கண்ட்ரோலர்" என்ற பெயரில் தனியாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரிகள் முக்கியம். "கெர்னல் மாட்யூல்ஸ்" வரி, இந்தக் கார்டுக்குப் பொருந்தும் டிரைவர்கள் எவை என்று சொல்லும். "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" வரி, இப்போது கார்டைப் பிடித்திருப்பது எது என்று சொல்லும். என்விடியா டிரைவர் போட்ட பிறகும் இரண்டாவது வரியில் "நூவோ" (என்விடியா கார்டுகளுக்குக் கெர்னலோடே வரும் ஓப்பன் சோர்ஸ் டிரைவர்) என்று இருந்தால், தகராறு முதல் அடுக்கில். அந்த வரியே இல்லாவிட்டால் எந்த டிரைவரும் கார்டைத் தொடவில்லை. "என்விடியா" என்றோ "ஏஎம்டிஜிபியு" (ஏஎம்டி கார்டின் டிரைவர்) என்றோ சரியாக இருந்தும் படம் வராவிட்டால், மேல் அடுக்குகளைப் பாருங்கள்.

அடுத்தது கெர்னல் பதிவு. நடப்பு பூட்டுக்கு "சுடோ டிமெசேஜ்" போதும் (தட்டவேண்டியது டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகள்). ஸ்கிரீன் கறுத்துப்போய், பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு வந்திருந்தால் "ஜர்னல்சிடிஎல் -கே -பி -1" கொடுங்கள். கே கெர்னலுக்கு, பி பூட்டுக்கு, -1 என்பது போன முறை பூட் ஆனதற்கு. பலர் இந்த -1ஐ விட்டுவிட்டு, நல்லபடியாக வந்த பூட்டின் பதிவில் பிழையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்றும் பாருங்கள். மதர்போர்டின் சாக்கெட்டில் செருகிவிட்டு, தனி கார்டின் டிரைவரோடு மல்லுக்கட்டுவது அடிக்கடி நடக்கிறது.

அறிகுறி: பூட் மெனு வருகிறது, அதன் பிறகு ஸ்கிரீன் கறுப்பு

முதலில் கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்திப் பாருங்கள். எழுத்து லாகின் வந்தால் கெர்னல் நலமாக இருக்கிறது, விழுந்தது டெஸ்க்டாப் மட்டும். அங்கேயே லாகின் செய்து வேலையைத் தொடரலாம்.

அதுவும் வராவிட்டால், பூட் ஆகும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் அழுத்தி க்ரப் (லினக்ஸை ஏற்றிவிடும் பூட் நிரல்) மெனுவை வரவழையுங்கள். முதல் வரியில் நின்று ஆங்கில "இ" விசையை அழுத்தினால் சில வரிகள் திறக்கும். "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், ஒரு இடைவெளி விட்டு "நோமோட்செட்" என்று சேருங்கள். பிறகு கண்ட்ரோல்+எக்ஸ் அல்லது எஃப்10. இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான்.

நோமோட்செட் என்பது கெர்னல் தானே திரை முறையை அமைக்கும் வேலையை நிறுத்திவைக்கும். ஃபர்ம்வேர் தந்த எளிய திரையிலேயே கம்ப்யூட்டர் எழுந்துவிடும். உள்ளே நுழைய இது ஒரு பின்வாசல், அவ்வளவுதான். இதை க்ரப் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டு, "ஏஎம்டி கார்டில் வேகமே இல்லை" என்று வருந்துபவர்கள் உண்டு. நோமோட்செட் இருக்கும்வரை ஏஎம்டிஜிபியு, இன்டெலின் ஐ915 இரண்டும் வேலைக்கே வராது. டிரைவரைச் சரிசெய்ததும் "/இடிசி/டிஃபால்ட்/க்ரப்" கோப்பில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு, உபுண்டுவிலும் டெபியனிலும் "சுடோ அப்டேட்-க்ரப்" ஓட்டுங்கள்.

கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகுதான் கறுத்தது என்றால், க்ரப்பில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பழையதில் எல்லாம் ஓடினால், புதிய கெர்னலுக்கு மாட்யூல் கட்டப்படவில்லை (கம்பைல் ஆகவில்லை) என்பது கிட்டத்தட்ட உறுதி. மாட்யூல் கட்டப்படாதது பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

அறிகுறி: இன்ஸ்டால் முடிந்தது, ஆனால் நூவோவே ஓடுகிறது

ஒரு கார்டை ஒரு டிரைவர்தான் பிடிக்கமுடியும். நூவோ முந்திக்கொண்டால், கெர்னல் பதிவில் "என்விடியா ப்ரோப் ரொட்டீன் அழைக்கப்படவில்லை" என்ற பொருளில் ஒரு செய்தி விழும். நூவோ போன்ற வேறு டிரைவர் உரிமை எடுத்துக்கொண்டிருக்கலாம் என்றும் அதுவே சொல்லும்.

"/இடிசி/மாட்ப்ரோப்.டி/" ஃபோல்டரில் ".கான்ஃப்" என்று முடியும் ஒரு கோப்பு உருவாக்கி இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி "பிளாக்லிஸ்ட் நூவோ". இரண்டாவது "ஆப்ஷன்ஸ் நூவோ மோட்செட்=0". பலர் இத்தோடு ரீபூட் செய்துவிட்டு, பலன் இல்லை என்று திரும்பி வருவார்கள். நூவோ ஏற்கெனவே இனிட்ராம்எஃப்எஸ் என்னும் ஆரம்பப் பொதிக்குள் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கில் நீங்கள் எழுதிய கோப்பை யாரும் படிப்பதற்கு முன்னாலேயே அது ஏறிவிடுகிறது. அதனால் பொதியைப் புதுப்பிக்கவேண்டும். உபுண்டு, டெபியனில் "சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு". ஃபெடோராவில் "சுடோ டிராகட் --ஃபோர்ஸ்". ஆர்ச்சில் "எம்கேஇனிட்சிபிஐஓ" கட்டளையோடு "-பி" (பி பெரிய எழுத்து).

பொதி புதுப்பிக்கும்போது இடம் இல்லை என்று பிழை வந்தால் "டிஎஃப்" கட்டளையில் "/பூட்" பார்ட்டிஷனைப் பாருங்கள். அது தனி பார்ட்டிஷனாக, சின்னதாக இருந்தால் பழைய கெர்னல்கள் நிரப்பிவிடும். பாதியில் நின்ற பொதியோடு ரீபூட் செய்தால் கம்ப்யூட்டர் எழவே எழாது. "சுடோ ஏபிடி ஆட்டோரிமூவ்" ஓட்டி இடம் செய்துகொண்டு மறுபடி புதுப்பியுங்கள்.

அறிகுறி: "என்விடியா-எஸ்எம்ஐ" டிரைவரோடு பேசமுடியவில்லை என்கிறது

என்விடியா-எஸ்எம்ஐ என்பது என்விடியா கார்டின் நிலையைக் காட்டும் கட்டளை. "சுடோ மாட்ப்ரோப் என்விடியா" என்று மாட்யூலைக் கையால் ஏற்றிப் பாருங்கள். அது என்ன சொல்லி மறுக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

"மாட்யூல் நாட் ஃபவுண்ட்" என்றால், இந்தக் கெர்னலுக்கு மாட்யூலே இல்லை. ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூலைத் தானே கட்டித்தரும் கருவி டிகேஎம்எஸ். "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" கொடுத்து, "யுநேம் -ஆர்" காட்டும் கெர்னல் எண்ணோடு ஒப்பிடுங்கள். உங்கள் கெர்னலின் வரி "இன்ஸ்டால்டு" என்று முடியவேண்டும். வெறும் "ஆடட்" என்றிருந்தால் மூலநிரல் மட்டும் வந்திருக்கிறது, கட்டப்படவில்லை.

கட்டப்படாததற்கு முதல் காரணம் ஹெடர் பேக்கேஜ் (மாட்யூல் கட்டத் தேவையான கெர்னல் கோப்புகள்) இல்லாமை. உபுண்டுவில் "லினக்ஸ்-ஹெடர்ஸ்-" என்பதோடு கெர்னல் எண்ணைச் சேர்த்து இன்ஸ்டால் செய்யுங்கள். ஃபெடோராவில் "கெர்னல்-டெவெல்". ஓடும் கெர்னலின் எண்ணும் ஹெடரின் எண்ணும் கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருக்கவேண்டும். அப்டேட் செய்துவிட்டு ரீபூட் செய்யாமல் டிரைவர் போட்டால் இங்கேதான் இடறும்.

இரண்டாவது காரணம் ஜிசிசி என்னும் கம்பைலர். கெர்னலைக் கட்டிய ஜிசிசி ஒரு வெர்ஷன், உங்களிடம் இருப்பது வேறு. உபுண்டு 22.04இல் 6.5 கெர்னல் வந்தபோது நிறையப் பேரிடம் இது நடந்தது. கெர்னல் ஜிசிசி 12இல் கட்டப்பட்டிருந்தது, கம்ப்யூட்டரில் இருந்ததோ 11. "இந்த ஆப்ஷனை எனக்குத் தெரியாது" என்று ஜிசிசி ஒரே வரியில் கைவிரித்துவிடும். ஜிசிசி-12 பேக்கேஜைப் போட்டதும் தீர்ந்தது. இப்படிப்பட்ட செய்திகள் எல்லாம் "/வார்/லிப்/டிகேஎம்எஸ்/என்விடியா/" கீழே, வெர்ஷன் ஃபோல்டருக்குள் "பில்டு/மேக்.லாக்" கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பைக் கடைசியிலிருந்து படிக்காமல், "எரர்" என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்திலிருந்து படியுங்கள். கடைசியில் இருப்பவை பெரும்பாலும் முதல் பிழையின் எதிரொலிகள்.

மூன்றாவது காரணம், டிரைவர் பழையது, கெர்னல் மிகப் புதியது. கெர்னலுக்குள் ஒரு ஃபங்ஷனின் பெயர் மாறினாலே பழைய மூலநிரல் கட்டப்படாது. இங்கே செய்யக்கூடியது இரண்டுதான். புதிய டிரைவருக்கு மாறலாம். கார்டு பழையது என்பதால் அதற்கு வழி இல்லையென்றால், நீண்டகால ஆதரவுள்ள பழைய கெர்னலில் தங்கலாம்.

ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்னும் வெளிக் களஞ்சியத்திலிருந்து "ஏகேமாட்-என்விடியா" போடுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இன்ஸ்டால் முடிந்ததாக டெர்மினல் சொன்ன பிறகும் பின்னணியில் மாட்யூல் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடமாவது காத்திருங்கள். "மாட்இன்ஃபோ -எஃப் வெர்ஷன் என்விடியா" (எஃப் பெரிய எழுத்து) ஒரு வெர்ஷன் எண்ணைக் காட்டிய பிறகே ரீபூட் செய்யுங்கள்.

மாட்ப்ரோப் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்றால்

இது செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையெழுத்துள்ள நிரலை மட்டும் ஏற்றவிடும் பாதுகாப்பு. மாட்யூல் இருக்கிறது, நன்றாகவே கட்டப்பட்டிருக்கிறது. கெர்னல் நம்பும் கையெழுத்து அதில் இல்லை என்பதால் உள்ளே விடமாட்டேன் என்கிறது. "மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்" கொடுத்தால் செக்யூர் பூட் இயங்குகிறதா என்று தெரியும்.

உபுண்டுவில் டிகேஎம்எஸ் தானே ஒரு சாவியை உருவாக்கி, மாட்யூலில் கையெழுத்தும் போட்டுவிடும். அந்தச் சாவியை நம்பகமான சாவிகளின் பட்டியலில் (மோக்) சேர்க்கும் வேலைக்கு மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் ஆள் வேண்டும். இன்ஸ்டால் ஆகும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்பது இதற்காகத்தான். அடுத்த ரீபூட்டில் நீல நிறத் திரை ஒன்று வரும். ஏதாவது விசையை அழுத்தச் சொல்லி, பத்து நொடி எண்ணிக் குறைத்துக்கொண்டே போகும். அதற்குள் ஒரு விசையை அழுத்தவேண்டும். வரும் மெனுவில் "கண்டின்யூ பூட்" முதலில் நிற்கும். அதைத் தொடவேண்டாம். கீழே இறங்கி "என்ரோல் மோக்", பிறகு "கண்டின்யூ", பிறகு "யெஸ்", பிறகு இன்ஸ்டாலின்போது கொடுத்த பாஸ்வேர்டு, கடைசியாக "ரீபூட்".

பயந்துபோய் "கண்டின்யூ பூட்" அழுத்தினாலோ, பத்து நொடியும் ஓடிப்போனாலோ அந்த வாய்ப்பு போயிற்று. அடுத்த முறை நீலத் திரை தானாக வராது. "சுடோ மோக்யூட்டில் --இம்போர்ட்" கட்டளையோடு சாவிக் கோப்பின் பாதையைக் கொடுத்து மறுபடி கேட்கவேண்டும். உபுண்டுவில் அந்தக் கோப்பு "/வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக்/" ஃபோல்டரில் பெரிய எழுத்தில் "மோக்" என்றும் சிற்றெழுத்தில் ".டெர்" என்றும் இருக்கும். ஃபெடோராவில் "/இடிசி/பிகேஐ/ஏகேமாட்ஸ்/செர்ட்ஸ்/பப்ளிக்_கீ.டெர்".

பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் நீலத் திரை ஏற்கவில்லை என்றால் கீபோர்டு அமைப்பைச் சந்தேகியுங்கள். அந்தத் திரைக்கு அமெரிக்கக் கீபோர்டு அமைப்பு மட்டுமே தெரியும். வேறு அமைப்பில் தட்டிய குறியீடுகள் அங்கே வேறாக விழும். எட்டு இலக்கம் கொண்ட எண்ணையே பாஸ்வேர்டாகக் கொடுங்கள். ஒரே ஒரு முறை பயன்படப்போகும் பாஸ்வேர்டு அது.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாமே என்றால், அணைக்கலாம். ஆனால் சாவி சேர்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும். அதற்காக ஒரு பாதுகாப்பை நிரந்தரமாக இழப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. உபுண்டுவில் இன்னொரு வழியும் உண்டு. "லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா-" என்று தொடங்கும் பேக்கேஜ்களில் மாட்யூல் ஏற்கெனவே கட்டி, கையெழுத்திட்டு வருகிறது. அவற்றுக்குச் சாவி வேலையும் இல்லை, கம்பைலர் வேலையும் இல்லை.

"மாட்யூல் வெரிஃபிகேஷன் ஃபெயில்டு... டெயின்டிங் கெர்னல்" என்று பதிவில் பார்த்துவிட்டுப் பதறுபவர்கள் உண்டு. செக்யூர் பூட் அணைந்திருக்கும்போது அது வெறும் அறிவிப்பு. மாட்யூல் ஏறிவிட்டது என்றுதான் அதற்குப் பொருள்.

அறிகுறி: "டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்"

அப்டேட்டில் லைப்ரரி புதிதாகிவிட்டது, மெமரியில் பழைய மாட்யூல் ஓடிக்கொண்டிருக்கிறது. ரீபூட் செய்யுங்கள். அதன் பிறகும் வந்தால், இரண்டு டிரைவர்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன.

அது பெரும்பாலும் என்விடியா தளத்திலிருந்து இறக்கிய ".ரன்" கோப்பின் வேலை. அந்தக் கோப்பு டிஸ்ட்ரோவின் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பு) பேக்கேஜ் மேலாளருக்குத் தெரியாமல் லைப்ரரிகளை வைத்துவிட்டுப் போகும். பேக்கேஜ் மேலாளர் அடுத்த அப்டேட்டில் தன் பங்குக்கு மேலே எழுதும். "சுடோ என்விடியா-அன்இன்ஸ்டால்" ஓட்டி ரன் கோப்பு வைத்ததை முதலில் எடுங்கள். பிறகு "என்விடியா-", "லிப்என்விடியா-" என்று தொடங்கும் பேக்கேஜ்களை "ஏபிடி பர்ஜ்" செய்யுங்கள். நீக்கப்போகும் பட்டியலை "ஒய்" அழுத்துமுன் முழுதும் படியுங்கள், டெஸ்க்டாப்பே அதில் சிக்கியிருக்கலாம். எல்லாம் போன பிறகு டிஸ்ட்ரோ வழியில் மட்டும் போடுங்கள்: உபுண்டுவில் "உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்" பட்டியலில் "ரெகமெண்டட்" என்று நிற்பதைப் பார்த்துவிட்டு, "சுடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்".

ஒரு உபரித் தகவல்: "என்விடியா-எஸ்எம்ஐ" மேல் வலது மூலையில் காட்டும் கூடா (கார்டில் கணக்கீடு செய்ய என்விடியா தரும் தளம்) வெர்ஷன், அந்த டிரைவர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அந்தக் கூடா டூல்கிட் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

அறிகுறி: டிரைவர் ஏறுகிறது, ஆனால் கார்டை ஏற்க மறுக்கிறது

தலைமுறை பொருந்தவில்லை. என்விடியாவின் பழைய தலைமுறைகளில் கெப்ளர் கார்டுகளுக்கு 470 டிரைவர் வரிசை கடைசி, ஃபெர்மிக்கு 390. மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகள் 580 வரிசையோடு நிற்கின்றன. அதற்கு மேலான டிரைவர் போட்டால் பதிவில் பழைய வரிசையின் பெயரையே சொல்லித் திருப்பி அனுப்பும்.

மறுமுனையிலும் ஒரு சிக்கல். 2022 மே மாதம் 515 வரிசையோடு என்விடியா தன் கெர்னல் மாட்யூலை ஓப்பன் சோர்ஸாகவும் வெளியிட்டது. அது டியூரிங் தலைமுறைக் கார்டுகளுக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் மட்டும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையான பிளாக்வெல் கார்டுகளோ அந்த ஓப்பன் மாட்யூலில் மட்டும்தான் ஓடும். எனவே புத்தம் புதிய கார்டில் "ஓப்பன்" என்று முடியும் பேக்கேஜைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்கல் கார்டில் அதையே போட்டால் படம் வராது.

அறிகுறி: படம் வருகிறது, எல்லாம் மந்தம், சிபியு கொதிக்கிறது

"ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ" கொடுத்து (மெசா-யூட்டில்ஸ் பேக்கேஜில் இருக்கிறது) "ஓபன்ஜிஎல் ரெண்டரர்" வரியைப் பாருங்கள். அங்கே "எல்எல்விஎம்பைப்" என்று இருந்தால், படம் வரையும் வேலை முழுவதும் சிபியு தலையில் விழுந்திருக்கிறது.

ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்குத் தனி டிரைவர் எதையும் இறக்கவேண்டியதில்லை. மாட்யூல் கெர்னலிலேயே இருக்கிறது, லைப்ரரி மெசா என்னும் ஓப்பன் சோர்ஸ் தொகுப்பில் இருக்கிறது. இங்கே அறுவது ஃபர்ம்வேர் அடுக்கு. பதிவில் "டைரக்ட் ஃபர்ம்வேர் லோடு... ஃபெயில்டு வித் எரர் -2" என்று தெரிந்தால், அந்தக் கோப்பு கம்ப்யூட்டரில் இல்லை. டெபியனில் "ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராஃபிக்ஸ்" பேக்கேஜ் வேண்டும். டெபியன் 12 முதல் அது "நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்" என்ற தனிப் பிரிவில் இருக்கிறது, பழைய சோர்சஸ் பட்டியலை அப்படியே கொண்டுவந்தவர்களிடம் அந்தப் பிரிவு இருக்காது. மற்ற டிஸ்ட்ரோக்களில் "லினக்ஸ்-ஃபர்ம்வேர்" பேக்கேஜைப் புதுப்பியுங்கள். கார்டு டிஸ்ட்ரோவைவிடப் புதியதாக இருந்தால் ஃபர்ம்வேர் மட்டும் போதாது, புதிய கெர்னலும் மெசாவும் சேர்ந்தே வரவேண்டும்.

ஃபர்ம்வேர் சரி என்றால் "/டெவ்/டிஆர்ஐ" ஃபோல்டரைப் பாருங்கள். "கார்டு" என்று தொடங்கும் ஒன்றும் "ரெண்டர்டி128" என்று ஒன்றும் இருக்கவேண்டும். இருந்தும் திறக்க அனுமதி இல்லை என்றால், உங்கள் யூசரை "ரெண்டர்", "வீடியோ" குழுக்களில் சேர்த்து, லாக்அவுட் செய்து வாருங்கள்.

அறிகுறி: பாஸ்வேர்டு கொடுத்ததும் மறுபடி லாகின் திரைக்கே வருகிறது

எக்ஸ் எழுந்து உடனே விழுகிறது. "/இடிசி/எக்ஸ்11/" (எக்ஸ் பெரிய எழுத்து) ஃபோல்டரில் "எக்ஸ்ஆர்க்.கான்ஃப்" என்ற கோப்பு இருந்தால் அதன் பெயரை மாற்றிவைத்துவிட்டு முயலுங்கள். இன்றைய டிரைவர்களுக்குப் பெரும்பாலும் அது தேவையே இல்லை. எப்போதோ ஓட்டிய "என்விடியா-எக்ஸ்கான்ஃபிக்" விட்டுச்சென்றதாக இருக்கும். "எக்ஸ்ஆர்க்.0.லாக்" (எக்ஸ் பெரிய எழுத்து) பதிவில் அடைப்புக்குறிக்குள் இரண்டு "ஈ" போட்ட வரிகள்தான் பிழைகள். ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் "எக்ஸ்அத்தாரிட்டி" (எக்ஸ் பெரிய எழுத்து) கோப்பின் உரிமையாளர் ரூட் (நிர்வாகி யூசர்) ஆகிவிட்டாலும் இதே சுழல்தான். அந்தக் கோப்பை நீக்கினால் லாகின் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். டிஸ்க் நிறைந்திருந்தாலும் இப்படியே ஆகும்.

லாகின் திரையில் வேலேண்ட் தேர்வே காணோம் என்றால், "/சிஸ்/மாட்யூல்/என்விடியா_டிஆர்எம்/பாராமீட்டர்ஸ்/மோட்செட்" கோப்பை ரூட்டாகப் படியுங்கள். "ஒய்" இல்லாவிட்டால் கெர்னல் வரியில் "என்விடியா-டிஆர்எம்.மோட்செட்=1" சேருங்கள்.

அறிகுறி: இரட்டை கிராஃபிக்ஸ் லேப்டாப்பில் கேம் சின்னக் கார்டிலேயே ஓடுகிறது

அது பிழையே அல்ல, பேட்டரிக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். ஏஎம்டியிலும் நூவோவிலும் கட்டளைக்கு முன்னால் பெரிய எழுத்தில் "டிஆர்ஐ_ப்ரைம்=1" சேர்த்தால் போதும். என்விடியாவின் சொந்த டிரைவரில், உபுண்டு என்றால் "சுடோ ப்ரைம்-செலக்ட் என்விடியா" கொடுத்து ரீபூட், ஆர்ச் என்றால் கேமின் பெயருக்கு முன்னால் "ப்ரைம்-ரன்". ஸ்டீமில் மட்டும் படம் வராவிட்டால், 32 பிட் லைப்ரரி இல்லை, அல்லது அதன் வெர்ஷன் 64 பிட் லைப்ரரியோடு ஒத்துப்போகவில்லை.

அறிகுறி: தூக்கத்திலிருந்து எழுந்தால் திரை சிதறுகிறது

என்விடியாவில் சஸ்பெண்டின்போது கார்டின் மெமரி முழுவதும் சேமிக்கப்படவில்லை. "என்விடியா-சஸ்பெண்ட்", "என்விடியா-ரெஸ்யூம்", "என்விடியா-ஹைபர்னேட்" மூன்று சர்வீஸ்களையும் "சிஸ்டம்சிடிஎல் எனேபிள்" செய்யுங்கள். மாட்ப்ரோப் கோப்பில் என்விடியா மாட்யூலுக்கு "என்விரெக்_ப்ரிசர்வ்வீடியோமெமரிஅலொகேஷன்ஸ்=1" ஆப்ஷனைச் சேருங்கள் (தொடக்கத்தின் என், வி இரண்டும், பின்வரும் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து). கார்டில் இருப்பது முழுவதும் ஒரு ஃபோல்டரில் இறங்கி உட்காரும், இயல்பாக அது "/டிஎம்பி". பல டிஸ்ட்ரோக்களில் "/டிஎம்பி" ராமிலேயே இருப்பதால் இடம் போதாமல் சஸ்பெண்ட் தோற்கும். "என்விரெக்_டெம்பரரிஃபைல்பாத்" (பெரிய எழுத்து இங்கும் அதே முறையில்) ஆப்ஷனில் "/வார்/டிஎம்பி" என்று மாற்றிவிடுங்கள். முடிந்ததும் இனிட்ராம்எஃப்எஸ் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

அறிகுறி: நன்றாக ஓடிக்கொண்டிருந்து, பாரம் ஏறியதும் உறைகிறது

பதிவில் "எக்ஸ்ஐடி 79" (என்விடியா டிரைவரின் பிழை எண்), கூடவே "ஜிபியு ஹாஸ் ஃபாலன் ஆஃப் தி பஸ்" என்று இருந்தால், கார்டு பிசிஐ தடத்திலிருந்து காணாமல் போயிருக்கிறது. டிரைவரை மாற்றி மாற்றிப் போடுவதை இங்கே நிறுத்துங்கள். பவரை முழுதாக அணைத்து, கார்டைக் கழற்றி, மறுபடி க்ளிக் என்று சத்தம் வரும்வரை செருகுங்கள். கார்டுக்கு வரும் பவர் கனெக்டர் முழுதாக இறங்கியிருக்கிறதா, ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு கனெக்டருக்கும் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் தனித்தனி கேபிளாக மாற்றுங்கள். "என்விடியா-எஸ்எம்ஐ"யில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே பாரம் கொடுங்கள். சூடு ஏறாமலே விழுந்தால் பவர் சப்ளையை மாற்றிப் பாருங்கள், அதன் பிறகு கார்டை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுச் சோதியுங்கள்.